விளக்கைப் போடச் சொல்ல யாருக்கு அதிகாரம்?

மேடையில் அமர்ந்திருக்கும் நம் திரைக்கழகத்தின் செயற்குழுவினரே, பல்வலியோடு டாக்டரிடம் போய், திரும்பி வரும்போது உறுப்பினர் அட்டையோடு வந்த நண்பர்களே, முதல் வரிசையில் இருக்கும் டாக்டரின் துணைவியாரே, நாமெல்லாம் அக்கா என்று கூப்பிடுகிறவரே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். உள்ளே வர மறுத்து, கதவுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும், நமக்குப் படம் ஓட்டும் ஆபரேட்டருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த ஒலிபெருக்கி படிவரைக்கும் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் வழக்கறிஞர். இந்தக் கழகத்தின் துணைத் தலைவர். பேசிப் பிழைக்கிறவள். எதிர்த்தரப்பு கேள்வியை முடிப்பதற்குள் எனக்குப் பதில் வந்துவிடும். கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து ஒன்றும் வரவில்லை. இரங்கல் உரை எழுத உட்கார்ந்தேன். 'நம் அன்புத் தலைவர்' என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. எழுதாமல்தான் வந்திருக்கிறேன். முன்பின்னாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரை இழந்துவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறோம் நாம்? பல் மருத்துவர். இந்தக் கழகத்தை ஆரம்பித்தவர். அதன் ஒரே தலைவர். முதுகுக்குப் பின்னால் நாமெல்லாம் 'உஷ் டாக்டர்' என்று கூப்பிட்டவர். முதுகுக்குப் பின்னால் என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் என்னிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"வக்கீலம்மா, பகல் பூரா வாயைத் திறங்க வாயைத் திறங்கன்னு சொல்றேன். சாயங்காலம் ஆனா வாயை மூடுங்கன்னு சொல்றேன். ரெண்டுக்கும் ஒருத்தர்கூட நன்றி சொன்னதில்ல. பேரு மட்டும் வெச்சிட்டீங்க."

எப்படி அவர் உறுப்பினர் சேர்த்தார் என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் அப்படி மாட்டியவர்கள்தானே. நாற்காலியில் சாய வைப்பார். வாயில் பஞ்சு அடைப்பார். கையில் கருவியை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார். நல்ல கட்டம் வரும்போது நிறுத்திவிட்டு, "மீதியை ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறீங்களா?" என்பார். வாய் திறந்திருக்கிற மனுஷன் என்ன சொல்ல முடியும்? 'ஆ' என்பான். "சரின்னு சொல்லிட்டாரு, எழுதிக்கம்மா" என்று வெளியே குரல் கொடுப்பார். எனக்கு அன்று கடைவாய்ப் பல்லும் போயிற்று, ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. இரண்டுக்காகவும் நான் வருந்தியதில்லை.

இந்த அரங்கைப் பாருங்கள். கீழே அச்சகம். மேலே ஒரு நீளமான அறை. இதை அரங்கு என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அது அவரிடம் இருந்தது. சுவரில் ஒட்டியிருக்கும் கயிற்றுப் பாயை அவரே ஏணி போட்டு ஒட்டினார். ஜன்னல்களுக்குத் தொங்கும் கறுப்புத் திரைகளைத் தைத்தது அக்கா. கடைசி வரிசையின் நடுவில் இருக்கிறதே, அந்தப் பழைய பல் மருத்துவ நாற்காலி, அதை நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு வந்தோம். மருத்துவமனைக்குப் புதிது வாங்கியபோது, இதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை அவருக்கு. அதில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டுதான் அவர் படம் பார்ப்பார். பக்கத்து இரும்பு நாற்காலியில் அக்கா. அந்த நாற்காலியைப் பார்த்தாலே பல் கூசுகிறது என்று நாம் கிண்டல் செய்வோம்.

ஒவ்வொரு வருடமும் ஒரு படத்தை மட்டும் தவறாமல் போடுவார். நாம் 'ஜெனரல் படம்' என்று சொல்லும் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படம். போரைக் கிண்டல் செய்த படங்களில் அதற்கு ஈடாக ஒன்றை நான் பார்த்ததில்லை. முதல்முறை வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். போர்ப் படம்தான், ஆனால் போர்க்களமே வராது. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. முழுப் படமும் ஒரு கூடாரத்திலும் அதன் வாசலிலும் நடக்கிறது. கூடாரத்துக்குள் ஜெனரல் தூங்குகிறார். தன்னை யாரும் எழுப்பக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். அந்த உத்தரவை நீக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? அவருக்குத்தான். அவரோ தூங்குகிறார்.

எதிரி நாட்டிலிருந்து ஒரு தூதன் வெள்ளைக் கொடியோடு வருகிறான். சண்டை வேண்டாம், நாங்கள் தோல்வியை ஒத்துக்கொள்கிறோம் என்று சொல்ல வருகிறான். அவனுக்கு நாற்காலி போடுகிறார்கள், டீ கொடுக்கிறார்கள், ஜெனரல் எழுந்திருக்கும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். வெளியே பீரங்கிகள் சுட்டுக்கொண்டே இருக்கின்றன. ஜெனரலின் தூக்கம் கலையக் கூடாது என்று பீரங்கியின் சக்கரங்களுக்குக் கம்பளி சுற்றுகிறார்கள். சுடுவதை நிறுத்தவில்லை. சுடுவது உத்தரவு, சக்கரம் கிரீச்சிடுவது ஒழுங்கீனம். இருமலை அடக்கிக்கொண்ட ஒருவனுக்கு அங்கேயே பதவி உயர்வு கிடைக்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தூதனே ரகசியக் குரலில் பேச ஆரம்பித்துவிடுகிறான். ஜெனரலின் உதவியாளர் ஒருவர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நுனிக்காலில் நடக்கிறார் பாருங்கள், அந்த நடைக்கே தனியாக ஒரு கைதட்டல் கொடுக்கலாம்.

அந்தப் படத்தை நமக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது டாக்டர். முதல் வருடம் நாம் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகி வெளியே வந்தோம். அவர் சிரிக்கவில்லை. "இந்தப் படத்துல ஒரு கெட்டவனைக் காட்டுங்க பாப்போம்" என்றார். நாம் யோசித்தோம். ஜெனரல்? தூங்குகிறவர் என்ன கெட்டது செய்தார். உதவியாளர்? பாவம், விசுவாசமானவர். பீரங்கிக்காரன்? சொன்னதைச் செய்தான். "இல்லல்ல? எல்லாரும் மரியாதையான ஆளுங்க. எல்லாரும் நல்லவங்க. நல்லவங்களா சேர்ந்து ஒரு ஊரையே கொன்னுட்டாங்க. அதான் இது பேய்ப் படத்தைவிடப் பயமா இருக்கு" என்றார். இன்னொரு முறை சொன்னார்: "சிரிப்பு எங்க நிக்குதுன்னு கவனிங்க. படம் அங்கதான் ஆரம்பிக்குது."

இவ்வளவு தெளிவாகச் சொன்ன மனிதர். அதைக் கேட்டுத் தலையாட்டிய நாம். அப்படியிருந்தும் என்ன செய்தோம்?

விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைவிதி இல்லை, கழக விதி. சில வருடங்களுக்கு முன் இதே படத்தின் கடைசிக் காட்சி. ஜெனரல் தூங்கி எழுகிறார், சோம்பல் முறிக்கிறார், வெளியே வருகிறார், "ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு?" என்று கேட்கிறார். பதில் சொல்ல ஒரு ஆள் உயிரோடு இல்லை. அந்த இடத்தில், சரியாக அந்த இடத்தில், நம் உறுப்பினர் ஒருவர் எழுந்துபோய் அரங்கத்து விளக்கைப் போட்டார். எதற்கு? செருப்பைக் காணோம். ஜெனரல் வெளிறிப்போனார், திரை வெளுத்துப்போயிற்று, டாக்டரின் முகம் சிவந்துபோயிற்று. அவர் அப்படிக் கத்தி நாம் கேட்டதில்லை. விளக்கை அணைக்காமல் விட்டதற்காக ஆபரேட்டருக்கும் சேர்த்து விழுந்தது. அடுத்த கூட்டத்தில் விதி வந்துவிட்டது. படம் ஆரம்பித்தால் பேசக் கூடாது. செல்பேசியெல்லாம் வாசலில் கூடையில். விளக்குச் சுவிட்ச் ஆபரேட்டர் அறைக்குள் மாற்றப்படும், அந்தக் கதவு உள்ளே தாழிட்டிருக்கும். தலைவர் சொன்னால் ஒழிய விளக்கு எரியாது. நாம் எல்லோரும் கை தூக்கினோம். செருப்பைத் தொலைத்தவர் முதலில் தூக்கினார்.

தலைவர் சொன்னால் ஒழிய! சட்டம் படித்தவள் நான். தலைவரால் சொல்ல முடியாமல் போனால் என்ன என்று ஒரு வரி சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. யாருக்குமே தோன்றவில்லை. அவர் சொல்ல முடியாமல் போவார் என்று யார் நினைத்தார்கள்?

கடந்த ஞாயிறு நடந்தது உங்களில் பலருக்குத் துண்டுதுண்டாகத்தான் தெரியும். இருட்டில் உட்கார்ந்திருந்தோம். நான் விசாரித்து, அக்காவிடமும், அன்று அவருக்கு முன் இருக்கையில் இருந்த நம் மருந்துக்கடைக்காரரிடமும், ஆபரேட்டரிடமும் கேட்டு, கோர்த்துச் சொல்கிறேன். இது எல்லோருக்கும் முன்னால் ஒரு தடவை முழுதாகச் சொல்லப்பட வேண்டும்.

படம் பாதி தாண்டியிருந்தது. தூதன் டீக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் நீளக் காட்சி. டாக்டர் நெஞ்சைப் பிடித்தார். அக்காவின் கையைப் பிடித்தார். பிறகு பிடி தளர்ந்தது. அவர் எப்போதும் சாய்ந்து கிடக்கும் நாற்காலி அது. பின்னால் திரும்பிப் பார்த்த எவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. அக்கா குனிந்து மருந்துக்கடைக்காரரிடம், "ஏங்க, இவருக்கு என்னமோ பண்ணுதுங்க, லைட்டைப் போடச் சொல்லுங்க" என்றார். உடனே முன்வரிசைகளிலிருந்து 'உஷ்' என்று வந்தது. ஒன்று இல்லை, இரண்டு மூன்று. யார் என்று நான் கேட்கவில்லை. இருட்டில் வந்த உஷ்ஷுக்கு முகம் கிடையாது. அது என் காதிலும் விழுந்தது. பரவாயில்லை, கழகத்தில் ஒழுங்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் சிரிப்பைத் தொடர்ந்தேன்.

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். குனிந்து, யார் பார்வையையும் மறைக்காமல், சுவரோரமாக நடந்தார். ஓடவில்லை. நுனிக்காலில் நடந்தார். அவரே என்னிடம் சொன்னார், சொல்லிவிட்டு அழுதார். ஆபரேட்டர் அறைக் கதவை விரல் முட்டியால் மெல்லத் தட்டினார்.

"யாரு?"

"நான்தாங்க. லைட்டைப் போடுங்க."

"தலைவர் சொன்னாரா?"

"தலைவருக்குத்தாங்க முடியல."

"அவர் சொல்லாம எப்படிங்க? போன தடவை யாரோ செஞ்சதுக்கு நான்தானே வாங்கிக் கட்டிக்கிட்டேன். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்களேன்."

மருந்துக்கடைக்காரர் கேட்டுவரத் திரும்பிப் போனார். நண்பர்களே, சிரிக்கத் தோன்றுகிறதா? ஜெனரல் படத்தில் இந்த இடம் வந்திருந்தால் நாம் உருண்டு புரண்டு சிரித்திருப்போம். பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிற மனிதரிடம் அனுமதி வாங்க ஒருவர் நுனிக்காலில் போகிறார். அதே நேரம் திரையில் உதவியாளர் ஜெனரலை எழுப்பக் கையைத் தூக்கி, தொடாமல், அந்தக் கை காற்றிலேயே நிற்கிறது. அரங்கம் முழுக்கச் சிரிக்கிறது. நான் சிரிக்கிறேன்.

அப்போது திரையில் ஒரு நிழல் விழுந்தது. ஒரு பெண்ணின் தலையும் தோளும், ஜெனரலின் கட்டில் மேல். அக்கா கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்து திரைக்கு முன்னால் நின்றார். வெளிச்சம் முழுக்க அவர் முகத்தில். "உக்காருங்கம்மா, மறைக்குது" என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்குப் பிறகுதான் அக்கா கத்தினார்: "படத்தை நிறுத்துங்க! அவர் செத்துக்கிட்டிருக்காரு!"

விளக்கு எரிந்தது. ஆபரேட்டர்தான் போட்டார், யாரையும் கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு முதலில் ஓடி வந்ததும் அவர்தான். டாக்டரைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கியது அவர். நாம் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றோம். கூடையில் நம் செல்பேசி எது என்று தேடினோம்.

மருத்துவமனையில் நான் கேட்டேன், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று. அந்த மருத்துவர் நேர்மையானவர். "சொல்ல முடியாதுங்க. பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம்" என்றார். அந்த 'பிழைச்சிருக்கலாம்' என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சாப்பிடும்போது வருகிறது. நீதிமன்றப் படியேறும்போது வருகிறது.

உங்களில் சிலருக்கு என்ன செய்வது என்று தெரிந்துவிட்டது. கழகத்தின் செல்பேசிக் குழுவில் எழுதினீர்கள். 'ஆபரேட்டர்தான் கொன்றுவிட்டார்.' 'கதவைத் திறந்திருந்தால் தலைவர் இருந்திருப்பார்.' இந்தக் கூட்டம் முடிந்ததும் அவரை நீக்கத் தீர்மானம் கொண்டுவரப் போவதாகவும் கேள்விப்படுகிறேன். சிரமம் வேண்டாம். இன்று காலை அவரே என் வீட்டுக்கு வந்து அறைச் சாவியைக் கொடுத்துவிட்டார். "இனிமே அந்த ரூமுக்குள்ள என்னால போக முடியாதும்மா. யாரோ கதவைத் தட்டற மாதிரியே இருக்கு. மெதுவாத் தட்டற மாதிரி" என்றார். இதோ என் கையில் இருக்கிறது சாவி.

நான் கேட்கிறேன். அந்தச் சுவிட்சை அறைக்குள் பூட்டச் சொல்லிக் கை தூக்கியது யார்? ஆபரேட்டருக்கு நம் கழகத்தில் வாக்குரிமைகூடக் கிடையாது. உஷ் என்றது அவரா? மறைக்குது என்றது அவரா? நாம் போட்ட விதியை, நாம் சொன்னபடி, நமக்காகக் காத்தவர் அவர். அவரை நீக்கினால் நாம் சுத்தமாகிவிடுவோமா? டாக்டர் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார்? ஒரு கெட்டவனைக் காட்டுங்க பாப்போம் என்றுதானே?

டாக்டரையும் நான் விடப்போவதில்லை. இரங்கல் கூட்டத்தில் குறை சொல்லக் கூடாது என்பார்கள். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வருகிறது. அந்தப் படத்தை நம் எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவர், அதே படம் கெடக் கூடாது என்பதற்காக அதே கூடாரத்தை இங்கே கட்டிவிட்டார். அவ்வளவு பிரியம் அதன்மேல். ஏன் டாக்டர்? இத்தனை வருடம் பார்த்தீர்களே, அது நம்மைப் பற்றிய படம் என்று உங்களுக்கே தெரியவில்லையா? எனக்கும் தெரியவில்லை. போனவாரம் வரை அது எங்கேயோ இருக்கிற ஜெனரல்களைப் பற்றிய படம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கேலிப் படத்தின் உண்மையான பலம் இதுதான் என்றால், இதைத் தெரிந்துகொள்ள நாம் கொடுத்தது மிக அதிகம்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆபரேட்டரைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர்மேல் என்ன தப்பு என்று கேட்டுவிட்டு, அரங்குக்குத் திரை தைத்ததில் மிஞ்சிய கறுப்புத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"நானே மெதுவாத்தானே சொன்னேன் வக்கீலம்மா. அவர் கை என் கையில சில்லுன்னு ஆயிடுச்சு. அப்பவும் நான் குசுகுசுன்னுதான் சொன்னேன். கத்தினா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களே, படம் கெட்டுடுமே, அவருக்குப் பிடிக்காதேன்னு. முதல்லயே கத்தியிருக்கலாம்ல?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். புறப்படும்போது வாசலில் இன்னொன்று கேட்டார். "வந்தவங்க எல்லாரும் அழாதீங்கங்கறாங்க, அமைதியா இருங்கங்கறாங்க. எனக்குச் சத்தமா பேசணும் போல இருக்கு. எங்க போய்ப் பேசறது?"

நண்பர்களே, இந்தக் கழகம் தொடரும். டாக்டர் ஆரம்பித்த காரியத்தை நாம் கைவிடப் போவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஜெனரல் படமும் ஓடும். இப்போதைக்குச் சிரிப்பு வராது. வராவிட்டாலும் போடுவோம், பார்ப்போம். சுவிட்ச் நாளைக்கே அறையிலிருந்து வெளியே வருகிறது, மின்வேலைக்காரரிடம் சொல்லிவிட்டேன். வரிசைக்கு ஒன்று, இருட்டில் கை தடவினாலே கிடைக்கிற உயரத்தில். யார் வேண்டுமானாலும் போடலாம், யாரையும் கேட்க வேண்டாம். செருப்பைத் தேடிப் போட்டாலும் சரி, ஒரு படம் கெட்டுப்போனதோடு போகட்டும். அந்த விதியை நீக்க நான் முன்மொழிகிறேன். ஆபரேட்டர் ஐயா, சாவியை நான் வைத்துக்கொள்ள மாட்டேன். உள்ளே வாருங்கள். அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. உங்களுக்காகத்தான் அதை வைத்திருப்பதாக அவரே என்னிடம் சொன்னார்.

நிகழ்ச்சி நிரல்படி இப்போது நான் உங்களை எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தக் கேட்க வேண்டும். கேட்க மாட்டேன். இந்த அறையில் மௌனம் போதுமான அளவு ஆகிவிட்டது. அப்படியே உட்கார்ந்திருங்கள், விளக்கு எரியட்டும்.

அக்கா, எங்கே போய்ப் பேசுவது என்று கேட்டீர்களே. இங்கே பேசுங்கள். எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பேசுங்கள். நாங்கள் கேட்கிறோம்.